இருநூற்று நாற்பதுக்குப் பாஸான வண்டி

மனித உயிருக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் யாரும் கடை வைத்துப் பிழைத்தவர்கள் அல்ல. விலை உண்டு. அன்றைக்கு அது முந்நூறில் தொடங்கி இருநூற்று நாற்பதில் படிந்தது. படிய வைத்தவர் ஒரு ஜவுளிக்காரர். அறுபது மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் அன்று முழுவதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடமாடினார்.

அதற்கு முந்தின நாள் காலையில் மெக்கானிக் பட்டறையில் ஆரம்பித்தது அந்தப் பேரம். ஜவுளிக்காரரின் கார் லிப்டில் ஏறி, தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. சிவப்பு நிறம், தாழ்ந்த கூரை, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பது வயதில் சிலருக்கு முடிக்குச் சாயம் பூசத் தோன்றும். இவருக்கு இந்தக் காரை வாங்கத் தோன்றியது. வீட்டில் அவர் மனைவி அதை "உங்க சின்ன வீடு" என்றுதான் சொல்வாள்.

"இங்க பாருங்க முதலாளி" என்று மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு குழாயை லேசாகச் சுரண்டினார். பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குழாய் அது, பென்சிலைவிட மெல்லியது. பழுப்புப் பொறுக்கு உதிர்ந்து அவர் மூக்கின் மேலேயே விழுந்தது. "லைன் மொத்தமும் துரு. கிளிப் பிடிச்சிருக்கிற இடத்துல எல்லாம் தண்ணி நின்னு அரிச்சிருக்கு. அந்தக் காலத்து வண்டி, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன்தான். ஒரு இடத்துல விட்டுச்சுன்னா நாலும் போச்சு."

"எவ்வளவு ஆகும்?"

மெக்கானிக் சொன்னார். ஜவுளிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யார் எந்த விலை சொன்னாலும் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம். ஒருமுறை எலுமிச்சம்பழம் விற்றவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

"குழாய் தங்கத்துல போடப்போறியா?"

"துருப்பிடிக்காத குழாய். பழசை எல்லாம் கழட்டணும், புதுசை வளைக்கணும், முனையில வாய் விரிக்கணும், ஆயில் ஊத்தி ஏர் எடுக்கணும். ரெண்டு நாள் வேலை முதலாளி."

"முன்னாடி நல்லாத்தானே இருக்கு? கெட்ட துண்டை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போடு."

"இது என்ன பேன்ட்டா, முட்டியில ஒட்டுப் போட?"

"சரி, பின்பக்கம் மட்டும் மாத்து. முன்பக்கத்தை அடுத்த வருஷம் பார்ப்போம்."

"பின்பக்கம் நின்னு, முன்பக்கம் மட்டும் போயிட்டே இருந்தா பரவாயில்லையா?"

ஜவுளிக்காரர் யோசித்தார். அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டு மங்கிப்போன துணியை யாரும் தூக்கி எறிவதில்லை. சாயப்பட்டறைக்கு அனுப்பிக் கறுப்பு ஏற்றினால் அடுத்த வாரம் அது புதுச்சரக்கு. மங்கலைக் கறுப்பு மறைத்துவிடும். வாங்கியவனுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு துவைப்பில் சட்டை கிழியும். சட்டை கிழிந்து செத்தவன் யாரும் இல்லை. முப்பது வருடம் இந்த வழியில் போன மனிதர் இரும்பையும் அதே வழியில்தான் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சிடு" என்றார். "நாளைக்குத் தகுதிச் சோதனை. ஸ்டிக்கர் வந்துட்டா ஒரு வருஷத்துக்கு நிம்மதி. அப்புறம் சாவகாசமா மாத்திக்கலாம்."

மெக்கானிக் மறுத்திருக்க வேண்டும். ஆனால் நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டால் தன் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற ஆள் அவர். "அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் எந்தத் தப்பையும் செய்யலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, மாலைக்குள் காரின் அடிவயிறு முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்து முடித்தார்.

மறுநாள் சோதனை நிலையத்தில் அதிகாரி குனிந்து பார்த்தார். ஒரு குழாயைத் தொட்டார். விரல் கறுப்பாக வந்தது.

"புதுசா பூசியிருக்கே?"

"நமக்கு வயசானா நாம பூசிக்கிறதில்லையா சார்?"

"பிரேக்கை மெஷின்ல ஏத்திப் பார்க்கணும்."

"பார்த்தே ஆகணுமா சார்?"

அதிகாரி மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அதற்கு அடியில் மூன்று விரல்கள் தெரிந்தன.

"ரெண்டு கண்ணையும் மூடத்தான் முந்நூறு" என்றார் ஜவுளிக்காரர் தாழ்ந்த குரலில். "எனக்கு ஒரு கண்ணை மூடினா போதும் சார். இன்னொண்ணு திறந்தே இருக்கட்டும். இருநூறா வாங்கிக்குங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட ஆளிடம் விலையைக் குறைப்பது சுலபம். நாற்பது கூட்டிக் கணக்கு முடிந்தது. காரின் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

வீட்டில் அந்த ஸ்டிக்கருக்குக் காத்திருந்தவள் மனைவி. அவரைவிட நன்றாக வண்டி ஓட்டுவாள். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று முதலில் சொன்னவளும் அவள்தான். சரி பண்ணாமல் இந்தக் காரில் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு மாதமாகத் தொடாமல் இருந்தாள். அன்று மாலை ஸ்டிக்கரை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்தாள்.

"பிரேக்கைப் பார்த்தாங்களா?"

"அடியில குனிஞ்சு, தொட்டே பார்த்தார்."

"என்ன சொன்னார்?"

"குறைன்னு ஒரு வார்த்தை சொல்லல."

இதில் எதுவும் பொய் இல்லை. கைதேர்ந்த வியாபாரி பொய் சொல்ல மாட்டார். நல்ல பக்கம் மேலே தெரியும்படி உண்மையை மடித்து வைப்பார்.

"அப்ப சரி. நாளைக்கு அக்காவுக்குக் கண்ணு டாக்டர்கிட்ட காட்டணும். இந்தக் கார்லயே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

ஜவுளிக்காரரின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது. அவள் அக்காவின் வீடு மலைமேல் இருக்கிறது. ஏறுவதற்குப் பிரேக் வேண்டாம். இறங்குவதற்கு அது மட்டுந்தான் வேண்டும்.

"எதுக்கு அலையறே? ஒரு வாடகைக் கார் வெச்சுக்கோயேன்."

அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காசு செலவு பண்ணச் சொல்றது நீங்களா? காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கறுப்பைச் சொல்ல வேண்டும், மேசைக்கடியில் தெரிந்த விரல்களைச் சொல்ல வேண்டும், பெருமையோடு காட்டிய ஸ்டிக்கரை வாபஸ் வாங்க வேண்டும். விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவர் கடையில் கிடையாது. இத்தனை மாதம் ஓடிய வண்டி இன்னும் ஒருநாள் ஓடாதா என்று நினைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார்.

காலையில் எழுந்தபோது கார் நின்ற இடம் காலி. கேட்டைச் சாத்தப் போனவர், சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத்தைப் பார்த்தார். பின் சக்கரம் நின்ற இடம். குனிந்து தொட்டார். வழுக்கியது. முகர்ந்தார். தண்ணீர் இல்லை.

மனைவியின் போனுக்கு அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டாள். அதைப் பத்துப் பேரிடம் மெச்சிச் சொன்னவர் அவர்.

மிச்சமிருந்தது சகலை ஒருவர்தான். அக்காவின் புருஷன். பேனா வாங்கினாலும் ரசீது கேட்கும் மனிதர். "பிழைக்கத் தெரியாத ரசீது" என்று குடும்பம் கூடிய இடமெல்லாம் ஜவுளிக்காரர் அவரைக் கேலி செய்து வந்திருக்கிறார். உலகத்திலேயே யாரிடம் இந்த விஷயத்தைச் சொல்லக்கூடாதோ அவர்தான் போனை எடுத்தார்.

"சகலை, அவ அங்க வந்தாளா?"

"வந்தாங்க, காபி குடிச்சாங்க, அக்காவை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. இப்பதான் தெருமுனை திரும்புறாங்க. என்ன விஷயம்?"

"நிறுத்துங்க அவங்களை. பிரேக் சரியில்ல."

"நேத்துத்தானே பாஸாச்சு? ஸ்டிக்கரைக் காட்டிப் பெருமையா சொல்லிட்டுப் போறாங்களே?"

"காசு குடுத்து வாங்கினது சகலை!" என்று ஜவுளிக்காரர் கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள எல்லாம் துரு. மேல கறுப்பு அடிச்சு வெச்சிருக்கேன். என்னை அப்புறம் திட்டுங்க, இப்ப போங்க, ஓடுங்க!"

சகலை போனை வைக்கக்கூட இல்லை. மேசையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கதவு இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம். கிளம்பவில்லை. மறுபடியும் உதை. கிளம்பி, தேய்ந்து, மறைந்தது. அதற்கப்புறம் அந்த ஆளில்லாத வீட்டில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். ஜவுளிக்காரர் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இழுவை வண்டி வைத்திருக்கும் மெக்கானிக்கின் பட்டறையை நோக்கி வீட்டுச் செருப்போடு ஓடினார். வாழ்க்கையில் எந்தக் கடவுளிடமும் விலை பேசாமல் அவர் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில், அக்கா தன் பக்கத்து வீட்டுக்காரி குப்பை கொட்டுகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை பிரேக்கை மிதித்தாள். பெடல் தரைவரை போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு மிதி. ஒன்றும் இல்லை. சாலையோரம் வேகமாக வந்துகொண்டிருந்தது.

"அக்கா, கெட்டியா பிடிச்சுக்க."

"எதை?"

"எதையாச்சும்!"

அவள் கத்தவில்லை. கியரைக் குறைத்தாள், என்ஜின் அலறியது. இன்னும் குறைத்தாள். ஹேண்ட்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். அது கம்பியில் ஓடுவது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கார் முறுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டியது. அதற்கப்பால், சாலை போட வந்தவர்கள் கொட்டி வைத்த மணல்குவியல் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பினாள்.

பொதுக்கென்று ஒரு சத்தம். மணல் சரிந்து முன் கண்ணாடி வரை ஏறியது. என்ஜின் நின்றது. இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"ஏண்டி" என்றாள் அக்கா கடைசியில், "நிறுத்தறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. கண்ணில் நீர் வழிய, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்த சகலைக்கு அவர்கள் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று தெரியவில்லை. அவர் பாட்டுக்கு மணலில் உட்கார்ந்து தானும் அழுதுவிட்டு, பிறகு மைத்துனியின் போனை வாங்கி ஜவுளிக்காரரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆபத்து எல்லாம் இனிமே உங்களுக்குத்தான்."

இழுவை வண்டியில் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்காரர் இதைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அது பேரத்துக்கு அல்ல.

அவர் வந்து இறங்கியபோது மனைவி மணல்மேட்டில் உட்கார்ந்து செருப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவர் கிட்டே போனார். அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அவள் கையைத் தள்ளிவிடவில்லை. நிமிர்ந்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த ஸ்டிக்கர் எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பது."

"அப்ப ஆளுக்கு நூத்தி இருபது." அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னும் கொஞ்சம் அதிகம் போவேன்னு நெனச்சேன்க்கா."

அக்கா சிரித்தாள். ஜவுளிக்காரர் சாலை என்றும் பார்க்காமல் அங்கேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார்.

"எழுந்திருங்க தம்பி" என்றாள் அக்கா. "நாங்கதான் உயிரோட இருக்கோமே. செத்தப்புறம் அழுதா எங்களுக்குத் தெரியவா போகுது? இப்பவே அழுதீங்களே, அந்த மட்டுக்கும் லாபம்."

பட்டறையில் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள். "முன்பக்கம் நல்லாயிருக்குன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

மெக்கானிக் கழற்றினார். பின்பக்கம் போகும் லைனை உருவி எடுத்து இரண்டு கையாலும் லேசாக வளைத்தார். சுள்ளி மாதிரி முறிந்தது. மேலே பூசிய கறுப்பு மட்டும் பளபளவென்று அப்படியே இருந்தது. அதை யாரும் ஜவுளிக்காரரிடம் நீட்டவில்லை. அவரே வாங்கிப் பார்த்தார்.

"அப்புறம் என்னைச் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன்ல" என்றார் மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே. "சொல்லுங்க முதலாளி. நல்லாவே சொல்லுங்க. பெயிண்ட் அடிச்ச கை என்னுதுதான்."

புதுக் குழாயைச் சுருளிலிருந்து அளந்து வெட்டினார். வட்டமான டப்பா ஒன்றைச் சுற்றி வைத்து, மடங்காமல் நசுங்காமல் வளைத்தார். நட்டைக் கோத்துவிட்டு முனைகளை விரித்தார். முதலில் விரித்த ஒன்று கோணலாக வர, யாரும் சொல்லாமலே அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் விரித்தார். முன்பு கிளிப்பில் தண்ணீர் நின்ற இடங்களில் ரப்பர் வைத்துப் பொருத்தினார். மறுநாள் பிற்பகல் வரை வேலை நடந்தது. விலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன்பு இருந்ததில்லை.

கடைசியில் ஏர் எடுக்க வேண்டும், குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியே தள்ளும் வேலை. ஜவுளிக்காரரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். மெக்கானிக் சக்கரத்தடியில். மனைவி, சக்கரத்திலிருந்து வரும் சின்ன ரப்பர் குழாயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டுப் பிடித்திருந்தாள்.

"அமுக்குங்க... பிடிங்க... விடுங்க."

"குமிழி வருது" என்றாள் மனைவி.

"அமுக்குங்க... பிடிங்க... அவசரப்படாதீங்க முதலாளி, விடுங்க."

"இன்னும் வருது. நல்லா அமுக்குங்க. உங்க கோவத்தை எல்லாம் யார் மேலயோ காட்டுவீங்களே, இதுல காட்டுங்க."

ஒவ்வொரு சக்கரமாக மாறி மாறிப் போனார்கள். கடைசிச் சக்கரத்தில் குமிழி நின்றது. ஜவுளிக்காரர் மிதித்தார். பாதியில் பெடல் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். அசையவில்லை. பாறையை மிதித்தது மாதிரி இருந்தது. அந்தக் கெட்டித்தனம் காலிலிருந்து ஏறி, தோளில் இருந்த ஏதோ ஒரு பாரத்தை இறக்கியது. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

"என்ன, தூங்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல. நிக்குது" என்றார். "நல்லா நிக்குது."

அன்று இரவு வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அதே காரை அதே சோதனை நிலையத்துக்கு ஓட்டிப்போனார். மனைவி பக்கத்தில் இருந்தாள். கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை, சுரண்டி எடுத்திருந்தார். அவரைப் பார்த்ததும் அதிகாரியின் கை தானாக மேசை இழுப்பறைக்குப் போயிற்று.

"பணம் திரும்பக் கேட்க வந்தீங்களா?"

"இல்ல சார். வண்டியைப் பார்க்கணும். ரெண்டு கண்ணாலயும்."

அதிகாரிக்கு இது பேரத்தில் ஏதோ புது வகை என்று தோன்றியது. "உட்காருங்க, பேசிக்கலாம்" என்றார்.

"பேசிப் பேசித்தான் சார் இந்த லட்சணம்" என்றார் ஜவுளிக்காரர், உட்காராமலே. "உங்ககிட்ட ஸ்டிக்கர் வாங்கினப்போ ரோட்டுல நிக்கிற போலீஸை ஏமாத்தப் போறேன்னு நெனச்சேன். போலீஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அது நேரா என் வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டியை ஏமாத்துச்சு. அதை நம்பித்தான் அவ மலையில வண்டி ஓட்டினா. லஞ்சம் குடுக்கிறவன் சட்டத்தை விலைக்கு வாங்கிட்டதா நெனச்சுக்கறான் சார். அவன் வாங்கறது தன் வீட்டு ஆளுங்களுக்கு ஆபத்தைத்தான். உங்களை மட்டும் குத்தம் சொல்லல. குடுத்தவன் நான். இனிமே குடுக்க மாட்டேன். நீங்களும் வாங்காதீங்க."

அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய் காரை மெஷினில் ஏற்றினார். கீழே இறங்கி, விளக்கடித்து ஒவ்வொரு குழாயையும் பார்த்தார். மேலே வரும்போது சட்டையெல்லாம் அழுக்கு.

"பிரேக் பிரமாதமா இருக்கு" என்றார். "ஆனா வைப்பர் ரப்பர் கிழிஞ்சிருக்கு. பெயில்."

"பெயிலா!" ஜவுளிக்காரரின் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பாஸானபோதுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். "கேட்டியா? பெயில் பண்ணிட்டார்! நல்லாப் பார்த்திருக்கார்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மெதுவா சொல்லுங்க, மானம் போகுது" என்றாள் மனைவி. மூன்று நாளில் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கிளம்பும்போது அவள்தான் அதிகாரியிடம் நின்று கேட்டாள். "சார், இதே மாதிரி பார்க்காம ஒட்டிக் குடுத்தது எங்க வண்டி ஒண்ணுதானா?"

அதிகாரி நினைவுபடுத்திப் பார்ப்பவர் போல விரல் மடக்கத் தொடங்கினார். வலது கை முடிந்தது. இடது கையில் பாதி வரை வந்தவர் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய பதிவுகளை எடுத்து வரச் சொன்னார்.

இனி கணக்கு. புதுக் குழாயும் கூலியும், சொன்ன விலை: தீர்ந்தது. இழுவை வண்டி: தீர்ந்தது. மணலைத் திரும்பக் குவித்துக் கொடுத்த ஆட்களுக்கு: தீர்ந்தது. சகலைக்கு ஒரு ஜோடி செருப்பு, ரசீதோடு: தீர்ந்தது. வைப்பர் ரப்பர், பேரம் பேசாமல் வாங்கியது: தீர்ந்தது. வரவு, இரண்டு உயிர். அந்த அதிகாரி விரல் மடக்கிப் பாதியில் நிறுத்திய வண்டிகள், அவற்றில் இன்றைக்கும் நம்பி உட்கார்ந்து போகிறவர்கள்: பாக்கி.